வலது கன்னத்து மிட்டாய்

நவ. 3, திங்கள்

தூறல். குளிர். சூளகிரி ஹைவே ஓரம் கம்பெனி பஸ்ஸுக்காக இருபது நிமிடம் நின்றேன். குடை வீட்டில். டிரைவர் லேட்டாக வந்துவிட்டு என்னைப் பார்த்து ஹார்ன் அடிக்கிறான், என்னவோ நான்தான் தாமதம் மாதிரி.

வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல். நேற்றிலிருந்து விடவில்லை. கிராம்பு வைத்தாயிற்று, கல்லுப்பு வைத்தாயிற்று, கற்பூரம் வைத்து நாக்கு வெந்ததுதான் மிச்சம். வயிறு வேறு மூன்று நாளாகப் போகவில்லை. மேலேயும் தொல்லை, கீழேயும் தொல்லை. நாற்பத்து மூன்று வயதுக்கே இந்தக் கதி.

கிளீன் ஏரியா கதவில் புது நோட்டீஸ். உள்ளே தண்ணீர் பாட்டில் கூடாது, தின்பண்டம் கூடாது. பழைய சட்டம்தான், லேமினேஷன்தான் புதுசு. பாத்ரூம் போவதற்கு ஒரு லைனுக்கு ஒரே ஒரு சிவப்பு அட்டை. அதை மாட்டிக்கொண்டு ஒருத்திதான் வெளியே போகலாம். கோட்டு, தொப்பி, மாஸ்க், ஷூ கவர் எல்லாம் கழற்றி, போய், கை கழுவி, எல்லாவற்றையும் மறுபடி மாட்டி, தூசி போகக் காற்று அடிக்கும் பெட்டிக்குள் நின்று, திரும்பி வர பன்னிரண்டு நிமிடம். அவள் இடத்தில் எலெக்ட்ரானிக் போர்டுகள் குவிந்துவிடும். அதற்கு பிரகாஷ் சார் (புரொடக்‌ஷன், இனி பி.சார்) என்னைத்தான் கூப்பிட்டுக் கத்துவார், லைன் லீடர் நான் என்பதால். ஆகவே எங்கள் பெண்கள் எழுந்ததிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. நானும்தான்.

தண்ணீர் இல்லாமல் வாய் காயும், தலை சுற்றும். அதற்கு நான் கண்டுபிடித்த வழி மின்ட் மிட்டாய். உள்ளே போகும்முன் ஆளுக்கு ஒன்று, டிபன் முடிந்து ஒன்று, சாப்பாடு முடிந்து ஒன்று. என் சட்டங்கள்: கடிக்கக் கூடாது, தாடை அசைந்தால் மாஸ்க் அசையும். கேமரா இடது சுவரில். ஆகவே வலது கன்னத்தில் ஒதுக்க வேண்டும். இரண்டு வருடமாக ஃப்ளோரிலேயே எங்கள் லைன்தான் முதல். கேன்டீன் சுவரில் என் போட்டோ இருக்கிறது. பி.சாருக்கு மிட்டாய் விஷயம் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

கேன்டீனில் இன்று வெள்ளைச் சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு. சோற்றை மெல்லவே முடியவில்லை. மோர் ஊற்றி விழுங்கினேன்.

நவ. 4, செவ்வாய்

பல் அப்படியே. இடது பக்கமாகத் தின்னப் பார்த்தால் அந்தப் பக்கமும் கூசுகிறது. காலையில் டீயில் பன் முக்கித் தின்றேன். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டதால் நெஞ்செரிச்சல். அதற்கு ஒரு கேஸ் மாத்திரை. ஒன்றுக்கு ஒன்று முட்டுக் கொடுத்துக்கொண்டே போகிறது.

வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து வந்து சொன்னார், "களி கிண்டித் தின்னு. மெல்லவே வேணாம், உருட்டி முழுங்கிட்டா போச்சு."

"யாரு கிண்டறது? நாலு மணிக்கு எழுந்து நான் கிண்டணுமா?"

"நான் கிண்டறேன்னு சொன்னா நம்புவியா?"

நம்பவில்லை. ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளிப் பெட்டி ஏற்றவே அவருக்கு நேரம் இல்லை. ஆனால் களி தின்று எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். ராகியும் இருக்கிறது, கீரையும் இருக்கிறது, வாசலிலேயே அவரைக்காய் தொங்குகிறது. நாங்கள் தின்பது மட்டும் பன்.

பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பெண்கள். "எனக்கு வாரத்துக்கு ரெண்டு வாட்டிதான் போவுது." "எனக்கும் அப்டித்தான். அது நல்லது, கம்பெனில போவ வேணாமில்ல." சிரிப்பு வேறு.

எங்கள் பவித்ரா இன்றும் சோற்றைப் பாதிக்கு மேல் கொட்டினாள். கெலமங்கலம் பக்கத்துப் பெண், டிப்ளமோ முடித்து நேராக எங்கள் லைனுக்கு வந்தவள். தையில் கல்யாணம். ஏன் கொட்டுகிறாய் என்றால், "பசிக்கலக்கா, உங்க மிட்டாயே வயித்த ரொப்பிடுது" என்று இளிக்கிறாள். மிட்டாய் வயிற்றை ரொப்புமா, எலும்பும் தோலுமாக இருக்கிறாள். கல்யாணப் புடவை நிற்காது என்று கிண்டல் செய்தேன்.

நவ. 6, வியாழன்

வெயில் லேசாக. ஷிஃப்ட் முடிந்து ஓசூர். பல் டாக்டர். சின்ன வயதுப் பெண், மாடிப்படி ஏறணும், லிஃப்ட் இல்லை. வயிறு உப்பிக்கொண்டு படி ஏறுவது எப்படி இருக்கும் என்று யாராவது வந்து பார்க்கட்டும்.

பல்லைக் காட்டப் போனால் அந்தப் பெண் சோற்றைப் பற்றிக் கேட்கிறாள். காலையில் என்ன, மதியம் என்ன, தண்ணீர் எவ்வளவு, வெளிக்குப் போகிறதா. கடைசிக் கேள்விக்கு எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"பல்லுக்கு வந்தா வயித்த ஏன் மேடம் கேக்கறீங்க?"

"ரெண்டும் ஒரே குழாய்மா. மேல் முனை வாய். நீங்க மெல்லாம முழுங்கினா பல்லு செய்யற வேலைய வயிறு செய்யணும். அதால முடியுமா? எச்சிலோட கலந்து அரைபட்டுப் போனாதான் சோறு ஒழுங்கா செரிக்கும். தண்ணியும் இல்ல, கீரையும் இல்ல, அப்ப எப்படி வெளிய போகும்?"

அது சரி. அப்புறம் எச்சிலைப் பற்றி ஒரு பாடம். வாயைக் கழுவிக்கொண்டே இருப்பது அதுதானாம். இனிப்பு பட்டால் பல்லில் இருக்கும் கிருமி அதைத் தின்று புளிப்பாக ஏதோ விடுமாம், அது பல்லை அரிக்குமாம். எச்சில் ஊறினால்தான் அது அடங்கும். தண்ணீர் குடிக்காமல் வாய் காய்ந்து கிடந்தால் கழுவ ஆளில்லை.

"எத்தன ஸ்பூன் சக்கரைன்னு நான் கேக்கலமா. எவ்ளோ நேரம் வாய்ல இருக்குதுன்னு கேக்கறேன். ஸ்வீட் சாப்பிடுவீங்களா?"

"அந்தப் பழக்கமே இல்லீங்க மேடம்."

உண்மையைத்தான் சொன்னேன். தீபாவளிக்கு வந்த ஜாங்கிரியைக்கூட நான் தொடவில்லை.

பல் தாங்காது, எடுத்தாக வேண்டும். வீக்கம் வற்ற ஐந்து நாள் மாத்திரை. அதுவரை வாயில் போடுவது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவரச் சொன்னாள். எல்லாம் என்றால் எல்லாமாம். எட்டாம் கிளாஸ் பிள்ளை மாதிரி வீட்டுப் பாடம்.

நவ. 8, சனி

டாக்டரம்மாவுக்கான தாள், இன்றுவரை:

வியாழன் - டீ 2, பன் 1, தயிர்ச் சோறு, மாலையில் இட்லி 3.
வெள்ளி - டீ 3, பிஸ்கட் 4 (முக்கி), சோறு ரசம், முட்டை, மாலையில் உப்புமா.
சனி - டீ 2, பன் 1, சோறு சாம்பார், வாழைப்பழம், களி (அவர் கிண்டினார்! கட்டி கட்டியாக. ஆனாலும் கிண்டினார்).

எழுதிப் பார்த்தால் எல்லாமே வெள்ளையாக, கொழகொழவென்று. பல் உள்ளவள் தின்பதும் பல் இல்லாத கிழவி தின்பதும் ஒன்றாக இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டு கடையில் வழக்கம்போல் மிட்டாய் இரண்டு பாக்கெட். கடைக்காரர், "இந்த வாட்டி எலுமிச்ச வந்திருக்கு, போடட்டா?" பெண்கள் மாற்றம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அதனால் ஒன்று மின்ட், ஒன்று எலுமிச்சை.

நவ. 11, செவ்வாய்

பல் எடுத்தாயிற்று. பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். அரை நாள் லீவுக்கு பி.சார் முகம் சுளித்ததைப் பார்த்தால் நான் ஆசைக்குப் பல் பிடுங்கப் போன மாதிரி.

டாக்டர் என் தாளைப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். "மாவுப் பண்டம் ஜாஸ்தி, நார் இல்ல, சரி. ஆனா பல்லு இவ்ளோ வேகமா போறதுக்கு இதுல ஒன்னும் இல்லையே. எதையோ விட்டுட்டீங்க."

"எதையும் விடல மேடம்." கோபமாகவே சொன்னேன். ஐந்து நாள் உட்கார்ந்து எழுதியவளுக்கு இதுதான் மரியாதை.

நாளைக்கு எங்கள் கம்பெனியில் பல் கேம்ப் என்றும் தானே வருவதாகவும் சொன்னாள். வரட்டும்.

நவ. 12, புதன்

மேகமூட்டம். கேன்டீனில் கேம்ப். பெஞ்சில் உட்கார வைத்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு பிரஷ், ஒரு பேஸ்ட், பல் சிரிக்கிற படம் போட்ட தாள். எங்கள் லைன் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு சிரிப்பு. ரேகா அத்திப்பள்ளியிலிருந்து வருகிற கன்னடப் பெண், வாயைத் திறக்கவே வெட்கம். "பேடக்கா, பேடா", வேண்டாம் வேண்டாம் என்று என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். தள்ளிவிட்டேன்.

பதினொன்றரைக்கு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மஞ்சுளாம்மா, பக்கத்து லைனும் பாத்தேன். அவங்களுக்கு அங்கங்க ஒன்னு ரெண்டு. உங்க லைன்ல இருவது பேருக்கும் பாதிப்பு இருக்கு, எல்லாருக்கும் வலது பக்கம். உங்களுக்கும் வலது பக்கம்தான் எடுத்தேன். அப்படி என்ன பண்றீங்க அங்க?"

எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது. அந்த நேரத்திலும் என் வலது பக்கம் பல் எடுத்த பள்ளம், இடது கன்னத்தில் மிட்டாய் ஒன்று. இன்று நான் இடம் மாற்றி வைத்திருந்தேன், பல் எடுத்த இடம் வலிக்குமே என்று. அதை அப்படியே விழுங்கினேன். முழுசாக. தொண்டையில் மாட்டிக்கொண்டு இறங்கியது.

"தெரியலங்க மேடம்" என்றேன்.

பவித்ராவுக்குத்தான் அதிகம். ஒரு பல் எடுத்தாக வேண்டும், இன்னொன்று வேரைச் சுத்தம் செய்து காப்பாற்றிப் பார்க்கலாமாம். கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தமும் கம்மி என்றாள். "காலைல என்ன சாப்பிடுவ?" என்றதற்கு பவித்ரா என்னைப் பார்த்தாள். "டீ மேடம்" என்றாள்.

தாளில் நான் எழுதாமல் விட்டது நாளுக்கு மூன்று. சில நாள் நான்கு. ஒவ்வொன்றும் கரைய எவ்வளவு நேரம்? கடிக்காதே, மெதுவாகச் சப்பு, சீக்கிரம் தீர்த்துவிடாதே என்று நான்தானே சொல்லிக் கொடுத்தேன். அதை நான் இனிப்பு என்றே நினைக்கவில்லை. வாய் நனைக்கிற மருந்து என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

நவ. 13, வியாழன்

வேலைக்குப் போனேன். மிட்டாய் பாக்கெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன். "தீந்து போச்சு" என்றேன் பெண்களிடம். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

எட்டு மணிக்குள் சிவப்பு அட்டைக்கு நான்கு பேர் வரிசை. காலையில் நானே எல்லோரையும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்திருந்தேன், அதன் பலன். போர்டுகள் குவிந்தன. பத்து மணிக்கு பி.சார் கண்ணாடிக்கு வெளியே நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் மேஜைக்குப் போனேன். இன்னொரு அட்டை வேண்டும், காற்றுப் பெட்டிக்கு வெளியே ஒரு தண்ணீர் கேன் வேண்டும், கேன்டீனில் வாரத்துக்கு மூன்று நாள் கீரையோ பயறோ வேண்டும். மூன்றே விஷயம்.

"கேம்ப் வெச்சாச்சில்ல? பிரஷ் குடுத்தாச்சில்ல? இன்னும் என்னா?"

"சார், தண்ணி குடிச்சா போவணும் இல்ல சார்."

"ரெண்டு வருஷமா எப்பிடி போவாம இருந்தாங்க? அப்பிடியே இருக்கச் சொல்லு."

எப்படி இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு பேரும் மேஜையைப் பார்த்தோம். கேன்டீன் சுவரில் என் போட்டோவைக் கழற்றி எறியலாம் போல இருந்தது. கழற்றவில்லை, ஏணி வேண்டும்.

வயிறு இன்று போயிற்று. எழுதி வைக்க வேண்டிய சந்தோஷம் இது ஒன்றுதான்.

நவ. 17, திங்கள்

நல்ல குளிர். பனி.

டாக்டர் கேம்ப் ரிப்போர்ட்டில் "வேலை நேரத்தில் இனிப்புப் பழக்கம்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாள். அது ஆபீசுக்குப் போய், ஆபீசிலிருந்து பி.சாருக்கு வந்து, இன்று காலை கோட்டு மாட்டும் அறையில் செக்கிங். செக்யூரிட்டி அம்மா எல்லோருடைய பாக்கெட்டையும் தடவினாள்.

பவித்ரா பாக்கெட்டில் எலுமிச்சை மிட்டாய், மூன்று.

நான் கொடுப்பதை நிறுத்தியதும் அவளே வாங்கியிருக்கிறாள். பி.சார் அறைக்குக் கூப்பிட்டார், லைன் லீடர் என்று என்னையும்.

"யாரு பழக்கினது?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு விநாடி. கன்னம் லேசாக வீங்கியிருந்தது.

"நானேதான் சார். எங்க லைன்ல வேற யாருக்கும் தெரியாது."

பி.சாரும் என்னைப் பார்த்தார். நான் சொல்லப் போகிறேனா என்று பார்த்தார். அவருக்கும் உள்ளுக்குள் பயம், நான் சொன்னால் அவர் கண்டும் காணாமல் இருந்தது வெளியே வரும். எச்சரிக்கைத் தாளை என் பக்கம் தள்ளினார். சாட்சிக் கையெழுத்து.

போட்டேன்.

மஞ்சுளா என்று, எப்போதும் போல, கீழே கோடு இழுத்து. அதுதான் இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

வெளியே வந்து, ஏன் வாங்கினாய் என்று அவளையே அதட்டினேன். நான்!

"இல்லாம முடியலக்கா. வாய் ஒட்டிக்குது. பசி வேற தெரியுது, முன்னாடி தெரியாது."

நவ. 18, செவ்வாய்

லைன் மூன்றாம் இடம். நோட்டீஸ் போர்டில் எழுதியிருக்கிறார்கள், பெரிய எழுத்தில்.

வீட்டில் அவரிடம் எல்லாம் சொன்னேன். தக்காளிக்குக் கம்பு நட்டுக்கொண்டே கேட்டார்.

"இப்ப நீ போயி நாந்தான்னு சொன்னா என்னா ஆவும்?"

"லீடர் வேலைய எடுத்துருவாங்க. வீட்டுக்குக்கூட அனுப்புவாங்க."

"அப்ப கம்முனு இரு. அந்தப் பொண்ணு கல்யாணம் ஆயி போவப்போறது. உனுக்கு என்னா?"

கம்மென்று இருந்து பார்த்தேன், சாயந்திரம் முழுக்க. அரைக்கீரை கடைந்தேன், களி கிண்டினேன், இப்போது மெல்லவும் முடிகிறது. நாக்கில் ருசி தெரிகிறது. கீரை இறங்கவில்லை. வலியால் இல்லை.

பவித்ரா போன் செய்தாள். வீக்கம் கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் துணி எடுக்க வருகிறார்கள். அதற்குள் பல் எடுக்கணும், தனியாகப் போகப் பயம், கூட வருகிறீர்களா அக்கா.

வருகிறேன் என்றேன்.

நவ. 20, வியாழன்

வெயில். ஷிஃப்ட் முடித்து நேராக ஓசூர். மாடிப்படி. பவித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள், சின்னப் பிள்ளை மாதிரி.

உள்ளே அரை மணி நேரம். ஒருமுறை கத்தினாள். டாக்டர் வெளியே வந்து என்னிடம், "இனிமே அவ நல்லா மென்னு சாப்பிடணும். கடலை, பயறு, கீரை. தண்ணி குடிக்கணும். இந்த வயசுல பல்லு போச்சுன்னா சாப்பாடும் போச்சு, உடம்பும் போச்சு. கல்யாணம், கொழந்தைன்னு எவ்ளோ இருக்கு" என்றாள். அவளிடம் மிட்டாய்க் கதை முழுவதையும் சொன்னேன். என்னைத் திட்டவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா ரிப்போர்ட்ல தண்ணி இல்லாமதான் மிட்டாய் போடறாங்கன்னு எழுதியிருப்பேன்" என்றாள். திட்டியிருக்கலாம்.

பவித்ராவின் அம்மா ரத்தினம்மா கெலமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். தெலுங்கு வீடு, தமிழ் எங்களைப் போலவே பேசுவார். கையில் ஒரு பை நிறைய அவரைக்காய், எனக்காகவாம். கும்பிட்டார்.

"நீ இருக்கறதாலதான் எங்க அம்மாயிய, இந்தப் பொண்ண, தைரியமா அனுப்பறேன். அக்கா பாத்துக்குறாங்கன்னு இவளும் வாய் ஓயாம சொல்லுவா."

பவித்ரா பஞ்சைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள், வேண்டாம் சொல்லாதீர்கள் என்று. எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

சொன்னேன். நான்தான் கொடுத்தேன், இரண்டு வருடமாக, தினம். கடிக்காமல் வைத்திரு என்றும் நான்தான் சொன்னேன். கம்பெனியில் இவள் பெயர் கெட்டபோது பக்கத்தில் நின்று கையெழுத்தும் போட்டேன். நின்றுகொண்டே சொன்னேன், உட்காரத் தோன்றவில்லை.

ரத்தினம்மா மகளின் தாடையைத் திருப்பி, வீங்கிய பக்கத்தைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த வேறு ஆட்கள் எங்களையே பார்த்தார்கள்.

"எத்தன புள்ளைங்களுக்குக் குடுத்த?"

"லைன் மொத்தத்துக்கும். இருவது பேரு."

"அந்தப் புள்ளைங்க வூட்ல தெரியுமா?"

"இல்ல."

"எனுக்குச் சொன்ன மாதிரி அவங்களுக்கும் சொல்லு. அவங்களும் பெத்துதான வெச்சிருக்காங்க." பையை என் காலடியில் வைத்தார். திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. மகளைக் கூட்டிக்கொண்டு படி இறங்கினார். என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். அவர் இன்னும் தோட்டத்தில். செய்ய வேண்டியது:

- நாளை காலை பி.சார். எச்சரிக்கைத் தாளில் அவள் பெயர் அடித்து என் பெயர். அவர் மாட்டேன் என்றால் ஆபீஸ். வேலை போனால் போகட்டும், போகக் கூடாது, ஆனாலும்.
- லைன் பெண்களிடம் நாளை டிபன் நேரத்தில், எல்லோரையும் வைத்து.
- அதற்கு முன் வீடுகள். பவித்ரா போக பத்தொன்பது. நம்பர் எல்லாம் லீடர் நோட்டில் இருக்கிறது, அவசரத்துக்கு என்று எழுதி வைத்தது. ஹாஸ்டலில் இருப்பவர்கள் ஆறு பேர், அவர்கள் அம்மாக்கள் தர்மபுரி, சேலம், ஒருத்தி திருவாரூர்.

முதலில் ரேகாவின் அம்மா. கன்னடத்தில் பேசணும், என் கன்னடம் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான். என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதினேன். மூன்று முறை அடித்துத் திருத்தினேன்.

மணி ஐந்தே கால். போட்டேன். இரண்டாம் ரிங்கில் எடுத்துவிட்டார். ரேகாவின் கம்பெனியிலிருந்து லைன் லீடர் பேசுகிறேன் என்றேன்.

"அய்யோ, நம்ம ரேகாகே ஏனாய்த்து?" என்று பதறினார், ரேகாவுக்கு என்ன ஆயிற்று என்று.

ஒன்றும் ஆகவில்லை அம்மா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லாமல், தாளில் எழுதியதைப் படிக்க ஆரம்பித்தேன்.